கடைசி வரிசையில் ஒரு கால்

ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவரின் கீழ் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். முன்னாள் படையினருக்கான சேவைகளைத் திருகோணமலையில் நடத்தும் அலுவலகத்துக்கு அவர் தலைவர். நான் அங்கே தமிழில் எழுதவும் பேசவும் நியமிக்கப்பட்டவன். பாடசாலைக் காலம் முதல் விவாத மேடைகளில் வென்று வந்தவன். எத்தனையோ நடுவர்களை அசைத்த எனக்கு, இந்த ஒரு மனிதரை அசைக்க இரண்டு ஆண்டுகள் போதவில்லை.

அவர் நேர்மையானவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நேர்மையற்றவராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஓர் ஒழுங்கான இலக்காவது கிடைத்திருக்கும். காலை ஏழரைக்கே வந்துவிடுவார். யாருடைய கடிதமும் அவருடைய மேசையில் ஒரு நாளுக்கு மேல் தங்காது. ஆனால், துறைமுகத்தைப் பார்த்திருந்த அந்தக் கட்டடத்தை அவர் இன்னமும் கப்பலாகவே நடத்தினார். மக்கள் வந்த நேரப்படி அழைக்கப்படுவதில்லை. சேவையில் வகித்த பதவிப்படியே அழைக்கப்படுவார்கள். முன்வரிசைக் கதிரைகள் அதிகாரிகளாக இருந்தவர்களுக்கு; கடைசி வரிசை சாதாரண மாலுமிகளுக்கு. எந்த அலுவலாக வந்தவரும் முதலில் அவருடைய மேசையைத் தாண்டியே ஆக வேண்டும்.

கடைசி வரிசையில், கிண்ணியாவிலிருந்து வரும், எல்லோரும் நானா என்று அழைக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருப்பார். கப்பலில் சமையற்காரராக இருந்தவர். சேவைக் காலத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அவருடைய செயற்கைக் கால் வெடிப்பு விட்டிருந்ததால், சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தார். புதிய காலுக்கு அளவெடுப்பவர்கள் கொழும்பிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறைதான் வருவார்கள். முந்திய இரண்டு முறையும் நானாவின் பெயர் வருவதற்குள் அவர்கள் வந்த வான் வண்டி போய்விட்டது. அன்று மூன்றாவது முறை. வான் மூன்று மணிக்குப் புறப்படும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

பத்து மணிக்கு, அடையாள அட்டை புதுப்பிக்க வந்த முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மேசையில் அமர்ந்து பழைய கப்பற் கதைகளை எடுத்துவிட்டார். உள்ளே அளவெடுப்பவர்கள் இருவரும் வேலையின்றித் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பகலில் நான் பொறுமை இழந்து மேசைக்குப் போனேன். காலுக்கு வந்தவர்களை முதலில் விட வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்களை அடுக்கினேன். நேரம், தேவை, நீதி. ஒவ்வொன்றையும் உதாரணத்தோடு நிறுவினேன்.

"நல்லாக் கதைக்கிறீர் தம்பி," என்றார் அதிகாரி. துறைமுகத்தில் கழித்த ஆண்டுகள் அவருக்குத் தமிழைக் கொடுத்திருந்தன. "கப் எடுத்த ஆள்தானே. ஆனா சீனியர் ஆக்கள் இருக்கேக்க, சமையல்காரரை நான் எப்பிடி முதல் கூப்பிடுறது?"

"சேர், அவருக்குக் கால்…"

"தெரியும். அவற்ற பேர் வரும்."

திரும்பி வந்து நானாவின் பக்கத்தில் நின்றேன். அவர் சிரித்தார். "உடுங்க மகன். நீங்க கதைச்சதுல இன்னும் பத்து நிமிஷம் போயிட்டு."

இரண்டே முக்கால் ஆனது. நானாவுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். அவர் எழுந்து, கதிரைகளைப் பிடித்துப் பிடித்து மேசைக்கு நடந்தார். அழைக்காமல் யாரும் அங்கே எழுவதில்லை.

"உங்கட பேர் இன்னும் வரேல்ல," என்றார் அதிகாரி.

"தெரியும் சேர். ஒண்டு கேக்கட்டா? கப்பல்ல நான் முதல் சோறு ஆருக்குப் போடுற?"

"காவல் மாறப் போறவனுக்கு."

"கப்டனுக்கு இல்லையா?"

"கப்டன் பிறகும் சாப்பிடலாம். காவல் மாறுற நேரம் பிந்த ஏலாது."

"வான் மூணுக்குப் போகுது சேர்."

அதிகாரி பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். பிறகு நானாவின் காலைப் பார்த்தார். "உள்ளுக்குப் போங்க," என்றார்.

என் முதற் காரணமும் அதுவேதான்! அதைத்தான் நண்பகலில், தெளிவான தமிழில், அவருடைய முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன்.

நானா உள்ளே போன உடனேயே அளவெடுப்பவர்களில் ஒருவர் வெளியே வந்தார். அளவுக்காகக் காலில் பூசும் மா அச்சுக் காய்வதற்கே நேரம் போதாது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். அதிகாரி எழுந்தார். முற்றத்துக்குப் போய், வானின் முன்கதவைத் திறந்து ஏறி, சாரதிக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஆசனப் பட்டியையும் மாட்டிக்கொண்டார்.

"அளவு எடுத்து முடியட்டும். பிறகு நான் இறங்குறன்," என்றார்.

சாரதி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அளவெடுப்பவர் உள்ளே திரும்பிப் போனார்.

மூன்றரை தாண்டி நானா வெளியே வந்தார். உடுத்தியிருந்த சாரத்தில் வெள்ளை வெள்ளையாக அச்சு மா ஒட்டியிருந்தது. "முடிஞ்சு மகன். ரெண்டு மாசத்துல கால் வருமாம்," என்றார்.

நான் நேரே வானுக்குப் போனேன். "இதைக் காலமையே செய்திருக்கலாமே சேர்?"

அவர் ஆசனப் பட்டியைக் கழற்றியபடி, இவ்வளவு படித்தும் இது விளங்கவில்லையா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"காலமை வான் வெளிக்கிடேல்லையே, தம்பி."