முடிவுரைக்கு விட்ட இடம்

செல்லூர் பாலவாடியில் சீனியம்மாள் பதினோரு வருடமாக ஆயா. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, மூக்குத் துடைப்பது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவள்தான்; டீச்சர் என்ற பெயர் மட்டும் வேறொருத்திக்கு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால் அவளும் டீச்சராகலாம். ஆனால் முப்பத்தைந்து வயதுக்குள் ஆகவேண்டும். 1982 மார்ச் பரீட்சை வந்தபோது, அந்த வயதுக்கு மூன்று மாதம்தான் பாக்கி.

கணக்கிலும் இங்கிலீஷிலும்கூடத் தேறிவிட்டாள். தமிழ்தான் மூன்று முறை காலை வாரியது. வாய் நிறையத் தமிழ் பேசுகிறவள் தமிழிலா தோற்பாள் என்று சிரிக்கிறவர்கள், ஒரு கட்டுரை எழுதிக் காட்டிவிட்டுச் சிரிக்கட்டும்.

"அக்கா, நீங்க கதை சொல்றீங்க. கட்டுரைன்னா பிரிச்சுப் பிரிச்சு எழுதணும்," என்றார் டுடோரியல் வாத்தியார் கல்யாணராமன். அவளைவிட எட்டு வயது இளையவர். "முதல்ல அஞ்சு தலைப்பையும் போட்டு இடம் விட்டுருங்க. அப்புறம் ஒவ்வொண்ணா ரொப்புங்க. முடிவுரைக்கு ரெண்டே வரி போதும்."

பரீட்சையில் 'உழைப்பின் உயர்வு' வந்தது. மனப்பாடம் செய்த கட்டுரைதான். ஐந்து தலைப்பையும் எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடம் விட்டாள். முன்னுரை முடிந்தது. 'உழைப்பின் தேவை'யும் முடிந்தது. மூன்றாவது, 'உழைப்பால் உயர்ந்தோர்'. நாலு தலைவர்களின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய அம்மா ஒச்சாயி நினைவில் வந்து நின்றாள்.

நாற்பது வருடம் தறிக்காரர் வீடுகளுக்கு நெசவு நூலைத் தார் சுற்றிச் சுற்றி விரல் கோணிப்போனவள் ஒச்சாயி. அம்மாவுக்கு இரண்டு வரி எழுதிவிட்டுத் தலைவர்களிடம் போகலாம் என்றுதான் சீனியம்மாள் ஆரம்பித்தாள். விட்ட இடம் நிரம்பியது. 'சோம்பலின் தீமை'க்கு விட்ட இடத்திலும் அம்மாவே வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் உயர்ந்த இடம் வந்ததும் நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், பாவி, அந்த இடம் வரவேயில்லை. மணி அடித்துப் பேப்பரை வாங்கிக்கொண்டார்கள். முடிவுரை என்ற சொல்லும் அதன் அடியில் ஒரு கோடும் மட்டும் இருந்தன.

மார்க் வந்தது. தமிழில் முப்பத்துமூன்று. பாஸுக்கு இன்னும் இரண்டு வேண்டும். அடுத்த பரீட்சை வருவதற்குள் வயதும் தாண்டிவிடும். இனி யாரிடம் போய் நிற்பது?

கல்யாணராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. "ரெண்டு வரி அக்கா! 'ஆகவே உழைப்போம், உயர்வோம்'. இம்புட்டு எழுத நேரமில்லாமப் போச்சா?"

"நேரமெல்லாம் இருந்துச்சு சார். மணியடிக்க அஞ்சு நிமிசம் கெடந்துச்சு." சீனியம்மாள் மார்க் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "உழைப்போம்கிறது வரைக்கும் மனசுல வந்துச்சு. அடுத்த வார்த்தைய எங்காத்தாவுக்குக் கீழ எழுத எனக்குக் கை வரலை."