செல்லத்தாய்க்குத் தேவைப்பட்ட கையெழுத்து

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள் செல்லத்தாய். கல்யாணமான கையோடு, புருஷன் ராஜபாண்டியுடன் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள். அந்தக் கம்பெனியில் ஷிப்டு முடியுமுன் வெளியே போக, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும். அது இல்லாவிட்டால், வீடே தீப்பிடித்து எரிந்தாலும் வாட்ச்மேன் விடமாட்டார். இப்படியே பழகிப்போனவளிடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ், "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம கருவக் கலைக்க மாட்டோமுங்க" என்றபோது, அது தப்பென்று அவளுக்குப் படவே இல்லை. எப்படிப் படும்?

இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் கொட்டி, அவள் பிழைத்ததே பெரும்பாடு. காப்பர்-டி போட்டிருந்தும் மூன்றாவது தங்கிவிட்டது. இன்னொரு பிரசவத்துக்குப் பயந்துதான் கலைக்கச் சொல்லிக் கேட்கப் போனாள்.

"சட்டத்தையெல்லாம் மாத்திப்போட்டாங்களாம் கண்ணு. ஊட்டுக்காரங்க கையெழுத்தே வேண்டியதில்லையாம்" என்றாள் பக்கத்து மிஷின் ரங்காத்தாள்.

செக்கிங்கில் இருக்கும் சுப்புலட்சுமி விடவில்லை. "அதெல்லாம் வெளிநாட்டுலீங்க அக்கா. இங்க கலைச்சா ஜெயிலுங்க. ஸ்கேன் சென்டர்ல குற்றம்னு எழுதியே மாட்டியிருக்காங்களே."

குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத்தான் அந்தப் பலகை குற்றம் என்கிறது. அதை யார் முழுசாகப் படித்தார்கள்? யார் பேச்சை நம்புவது என்று செல்லத்தாய்க்குப் பிடிபடவில்லை. ஒருநாள் ரங்காத்தாள் சொன்னது சரியென்று பட்டது, மறுநாள் ஜெயில் கண்முன் வந்து நின்றது. வாரங்கள் ஓடின.

கடைசியில் ராஜபாண்டியிடமே கையெழுத்துக் கேட்டாள். "போடுறேன். ஆனா நீ வேலைய விட்டுட்டு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊர்ல எங்கம்மாகூட இருக்கணும்" என்றான். சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தான். அவள் மறுநாளே கம்பெனியில் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாள். மதியத்துக்குள் அவள் மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள்.

தனியார் ஆஸ்பத்திரிச் செலவு கட்டாது என்று, அந்தத் தாளோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்து, "பயப்படாதீங்க. இன்னும் காலம் தாண்டலை, செஞ்சுக்கலாம்" என்றார். தாளைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். "இது எதுக்குங்க? வயசு வந்த பொம்பளைக்கு அவங்க சம்மதம் போதும். இங்க நீங்க கையெழுத்துப் போடுங்க."

செல்லத்தாய் போட்டாள். பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "இதுக்குக் கீழ யாரு போடணும் டாக்டரம்மா?"

"யாரும் வேண்டாங்க. அவ்வளவுதான்."

உயிர் தப்பியதற்குச் சந்தோஷப்படுவதா, ஏமாந்ததற்கு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓரமாகக் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் வேலைய விட்டது?"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த வேலைங்க?" என்று கேட்டார்.