மிசின் நின்றால்

விண்வெளிக்குப் போகிறவர்கள் நித்திரை கொள்ளும் சிற்றறைகளுக்குக் காற்றாடி வடிவமைப்பது என் வேலை. விடுமுறைக்கு எங்கள் ஊரான ஸ்கந்தபுரம் போனால், "ரொக்கெட்டுக்கு ஃபான் பூட்டுறவா வந்திட்டா" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் அவர்கள் சொல்வதில் பிழையில்லை. எடையற்ற இடத்தில் நாம் விடும் மூச்சு மேலெழாது. முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். காற்றாடி நின்றால், விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தப் பிழையை விட்டேன்.

காற்றாடி நின்றால் எச்சரிக்கை ஒலி தேவையில்லை, திரையில் ஒரு செய்தி போதும் என்று எழுதியிருந்தேன். காற்றாடியின் சத்தம் நின்றால் ஆள் தானாக எழும்பும் என்பது என் நம்பிக்கை. அதை யாராவது கேள்வி கேட்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

நான் சிறுமியாய் இருந்தபோது எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்று இருந்தது. போர் நடந்த, பெற்றோல் கிடைக்காத காலம். மருந்துப் போத்திலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலு சொட்டு விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார் அப்பா. அது கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு நாள் முழுக்கக் கத்தும். அந்தச் சத்தத்தில்தான் நான் கணக்குச் செய்தேன், தம்பியோடு சண்டை பிடித்தேன், மத்தியானத்தில் வாய் பிளந்து தூங்கினேன். இன்று நினைத்தாலும் அந்தப் புகை மணத்துக்கு மனம் ஏங்குகிறது.

குண்டு போட விமானம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதற்காக அப்பா இடையிடையே மிசினை நிறுத்துவார். அது நின்ற அடுத்த கணம் குசினி அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

"மிசின் நிண்டிட்டுது! எழும்புங்கோ பிள்ளையள்!"

அம்மா கூப்பிட முன்னரே நாங்கள் எழும்பியிருப்போம். எங்களைப் பதுங்குகுழிக்குள் தள்ளிவிட்டு அம்மா வேலிக்கரைக்கு ஓடுவா. மிளகாய்ச் செடிகளுக்கு மேலால் அப்பாவின் தலை தெரிந்த பிறகுதான் திரும்பி வருவா.

வடிவமைப்பு மீளாய்வுக் கூட்டத்துக்கு, விண்வெளிக்குப் போய் வந்த ஒருவர் வந்திருந்தார். நான் எழுதிய பக்கத்தை வாசித்துவிட்டு, காற்றாடி நின்றால் அப்பாடா என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள் என்று வீம்புக்குச் சொன்னேன்.

சோதித்தார்கள். ஒரு மத்தியானம், எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்த மாதிரி அறைகளில் ஐந்து பேர் படுத்தார்கள். நல்ல காற்று வர வேறு வழி வைத்திருந்தோம்; அவர்களுக்கு ஆபத்தில்லை. எல்லோரும் நன்றாக உறங்கிய பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல் காற்றாடிகளை நிறுத்தினார்கள்.

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் குறட்டைகூட விட்டார்.

வெளியே கதிரையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த நான் மட்டும் எழும்பிவிட்டேன். கொப்பி தரையில் கிடந்தது. என் கால்கள் கதவுவரை போயிருந்தன. என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உலகத்தில் எல்லோருக்கும் எங்கள் வீட்டுக் காதுதான் இருக்கிறது என்று இத்தனை வருடம் நம்பியிருந்திருக்கிறேன். அந்த நம்பிக்கையை வைத்து ஓர் உயிரைப் பலிகொடுத்திருப்பேன்.

அன்று மாலையே திருத்தி எழுதினேன். காற்றாடி நின்றால் செத்தவரையும் எழுப்பும் அளவுக்கு ஒலி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவ சிரிப்பா என்று எதிர்பார்த்தேன். அம்மா கேட்டது வேறு.

"அந்த மணியில ஒண்டு இஞ்சயும் பூட்டேலுமோ பிள்ளை?"

"ஏனம்மா?"

"இப்ப கரண்ட் மோட்டர் எல்லோ. ஓடுறதும் கேக்காது, நிக்கிறதும் கேக்காது. அப்பாவுக்கும் வயசு போட்டுது. தோட்டத்தில நிக்கிறாரோ, விழுந்து கிடக்கிறாரோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா வேலிக்கரைக்குப் போய் எட்டிப் பாத்திட்டு வாறன்."