நான் அடித்த கருவண்டு

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். அவள் வரைந்த படத்தைத் தான் வரைந்ததாக வேறொரு சிறுமி டீச்சரிடம் சொல்லிவிட்டாளாம். போனால் போகட்டும், விட்டுக்கொடு என்றேன். சொன்ன கையோடு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றிவிட்டது. இதே மாதிரி ஒன்றை நானே இத்தனை வருஷமாக விட்டுக்கொடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூரில் ஒரு கன்னடக் குடும்பத்தின் வீட்டுப் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டுக்காரருக்குக் கொல்லையில் ஒரு மாட்டுக்கொட்டகையும் இரண்டு பசுக்களும் இருந்தன. கொட்டகையின் உத்தரத்தைக் கருவண்டுகள் குடைந்துகொண்டிருந்தன. துளைகள் ஒவ்வொன்றும் தச்சன் அளந்து போட்டது போல வட்டமாக இருக்கும். மரத்தூள் பசுக்களின் தீவனத்தில் உதிரும். வீட்டுக்காரர் தார் வைத்து அடைத்தால், வண்டுகள் பக்கத்திலேயே புதிதாகக் குடையும்.

அவற்றை ஒழிக்க முன்வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் சொந்த ஊரான மார்டள்ளியிலிருந்து வேலை தேடி வந்தவர், வேலை கிடைக்கும்வரை எங்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். உடைந்த மூங்கில் ஏணியைப் பிளந்து வில் செய்து சணலில் நாண் கட்டினார். தென்னை ஈர்க்குகள் அம்புகள். பசுவின் மேல் பட்டாலும் குத்தக் கூடாதென்று அவற்றின் நுனியில் கந்தல் சுற்றியிருப்பார். வில் வீரர்கள் நானும் வீட்டுக்காரரின் மகளும். இருவருக்கும் ஏழு வயது. வண்டு துளை வாசலில் அந்தரத்தில் நின்று உறுமும்போது அடிக்க வேண்டும். ஒரு வண்டும் விழுந்ததில்லை. எங்கள் சத்தம் மட்டும் தெருமுனைவரை கேட்கும். "அது தூங்கிருச்சு கண்ணு, எழுப்பி உட்டுட்டு அடி" என்று மாமா வேறு கிண்டல் செய்வார்.

ஒரு நாள் காலையிலிருந்தே எனக்குக் கோபம். பள்ளி இல்லை என்றார்கள், ஆனால் வாசலுக்கும் போகக் கூடாதாம். கூடத்திலிருந்த தமிழ் நாள்காட்டியை அம்மா கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டாள். தாள் கிழிப்பது என் வேலை, என்னைக் கேட்கவே இல்லை. தேவராஜ மொஹல்லாவுக்குக் காய் வாங்கப் போன மாமா வெறும் பையோடு திரும்பி வந்து அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அப்பா வேலையிலிருந்து வரவில்லை. வீட்டுக்காரரே வந்து எங்கள் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, எங்களைக் கொட்டகைக்குள் இருக்கச் சொன்னார்.

காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆற்றுத் தண்ணீர்ச் சண்டை முற்றி, தமிழர் வீடு எது என்று சிலர் தெருத்தெருவாகக் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள் என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. எங்கள் மார்டள்ளியும் கர்நாடகத்தில்தான் இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்ற ஆத்திரம் எனக்கு இப்போதும் உண்டு.

கொட்டகையில் மாமா புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தார். வண்டுக்குக் காது கூர்மை, இன்றைக்கு யாரும் பேசக் கூடாது.

"வாயைத் தொறந்தா வில்லு போச்சு."

நேற்றுவரை காது கேட்காத வண்டுக்கு இன்றைக்கு எப்படிக் கேட்கும் என்று நான் கேட்டதற்கு, என் முறையைப் பிடுங்கி வீட்டுக்காரர் மகளிடம் கொடுத்துவிட்டார். அவள் எங்களோடு விளையாட வந்திருந்தாள். அவள் வீட்டில் அவளை ஏன் உள்ளே கூப்பிடவில்லை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு வேலையும் இல்லாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

என் முறை மறுபடி வந்தபோது முன்பக்கத்தில் இரும்புக் கேட்டைக் கம்பால் தட்டும் சத்தம் கேட்டது. பல குரல்கள். நடுவில் வீட்டுக்காரரின் குரல்.

"மனேலி யாரூ இல்ல. ஊரிகெ ஹோகிதாரெ."

வீட்டில் யாருமில்லை, ஊருக்குப் போய்விட்டார்கள் என்கிறார். இத்தனை பெரிய மனிதர் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று நினைத்தபடி நாணை விட்டேன். வண்டு பொத்தென்று வைக்கோலில் விழுந்தது.

"மாமா, விழுந்திருச்சு! நான்தான் அடிச்சேன்!"

அம்மாவின் கை என் வாயில் விழுந்தது. அடித்ததா, பொத்தியதா என்று தெரியாத வேகம். முன்பக்கத்துக் குரல்கள் நின்றன. மாமா சுவரோரம் இருந்த கடப்பாரையில் கை வைத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. வீட்டுக்காரர் மகள் என் வில்லைப் பிடுங்கி, என் வண்டைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள்.

"நானே ஹொடெதே! அப்பா, நோடு, நானே ஹொடெதே!"

அவள்தான் அடித்தாளாம். பார்க்கச் சொல்லி வேறு கூப்பிடுகிறாள். கேட்டருகே யாரோ சிரித்தார்கள். வீட்டுக்காரர் அவளை அதட்டினார். நான் பேச முடியாமல் அம்மாவின் உள்ளங்கையைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். அம்மா கையை எடுக்கவில்லை. கம்புச் சத்தம் அடுத்த வீட்டுக் கேட்டுக்கு நகர்ந்து, அதற்கடுத்த வீட்டுக்குப் போய், கேட்காமல் போன பிறகுதான் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா வந்து சேர்ந்தார். கையில் என்ன காயம் என்று கேட்டதற்கு, மாட்டுக் கயிறு இழுத்துவிட்டது என்றாள் அம்மா. இவளும் பொய் சொல்கிறாள். பிறகு, இருந்த ரவையையும் சர்க்கரையையும் போட்டு, மஞ்சள் வைத்துக் கட்டிய கையாலேயே கேசரி கிண்டினாள். எனக்காக்கும் என்று கோபம் கொஞ்சம் இறங்கி அடுப்படியில் போய் நின்றேன். அம்மா கிண்ணம் நிறைய எடுத்து என் கையில் கொடுத்து, வீட்டுக்காரர் மகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்றாள்.

"அவளுக்கா? எதுக்கு?"

"குடுத்துட்டு வா. ஒண்ணும் பேசாத."

திருடிக்குக் கேசரி. அவள் படியில் உட்கார்ந்து வண்டைத் தீப்பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டு முடித்து, என் முகத்தைப் பார்த்து மறுபடியும் "நானே ஹொடெதே" என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்தாளா, தானாகப் புரிந்து செய்தாளா, இல்லை நிஜமாகவே என் வண்டின் மேல் ஆசைப்பட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்காரம்மா கிண்ணத்தைக் கழுவி, எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

ஊரே பொய் சொன்ன அந்த நாளில் உண்மை பேசியவள் நான் ஒருத்திதான். எனக்குத்தான் கேசரி இல்லை.