சக்களத்திக்கு ஒரு வாளி தண்ணீர்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் மேலே போய்க் கீழே வந்தார். எத்தனை மாடி ஏறினாலும் மாலையில் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிற மனிதருக்கு, பக்கவாட்டில் போகிற ஏதாவது ஒன்றின் மீது ஆசை வந்ததில் வியப்பில்லை என்பது மகளின் கருத்து. அம்மாவின் கருத்து வேறு. புத்தி பிசகிவிட்டது என்பது அது.

பக்கவாட்டில் போகிற பொருள் ஒரு ஹோட்டலில் கிடைத்தது. கடலோர ஹோட்டல். முன்னால் அலங்காரத்துக்காக ஒரு பழைய மர மோட்டார் யாட்டைக் கட்டிப் போட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு அடி நீளம். கத்தி வைத்து நறுக்கியதுபோல நேரான முகப்பு, தேக்குப் பலகைத் தளம், பித்தளை வளையம் போட்ட வட்ட ஜன்னல்கள், நடுவில் கண்ணாடி சூழ்ந்த சுக்கான் அறை, அடியில் இரண்டு டீசல் எஞ்சின்கள். அப்பாவைவிட ஆறு வயது மூத்தது. அதை உடைத்துப் போடுவது என்று ஹோட்டல்காரர்கள் முடிவு செய்த அன்று அப்பா அங்கே லிஃப்ட் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஆள் வெச்சு உடைக்கணும், அள்ளணும். எதுக்கு சார் அவ்வளவு சிரமம்? நான் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

அவர்கள் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அலமாரிக் கதவு ரெண்டு வருஷமா ஒத்தக் கீல்ல தொங்குது" என்றாள். அன்றிலிருந்து படகுக்குச் சக்களத்தி என்று பெயர். கோபத்தில் வைத்த பெயர்தான். நாளடைவில் கோபம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. யாராவது போனில் அப்பாவைக் கேட்டால், "சக்களத்திக்கு வார்னிஷ் அடிக்கப் போயிருக்கார், சாயங்காலம் பண்ணுங்க" என்று அம்மா சாதாரணமாகச் சொல்வாள். எதிர்முனையில் இருப்பவர் நம்பர் சரிதானா என்று பார்த்துக்கொள்வார்.

இருபது வருடத்தில் அம்மா ஒரு தடவைகூட அந்தப் படகில் கால் வைக்கவில்லை.

பழைய மோட்டார் யாட் வாங்குகிறவர் பயணம் வாங்குவதாக நினைக்கிறார். அவர் வாங்குவது உப்புத்தாள். முகப்பிலிருந்து தேய்த்து வார்னிஷ் பூசிக்கொண்டே வந்து பின்பக்கத்தை முடிக்கும்போது, முகப்பில் பழையபடி உரியத் தொடங்கியிருக்கும். எஞ்சினைச் செய்த கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. அதனால் எஞ்சின் மூட்டுகளில் எண்ணெய் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டை அப்பாவே கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்வார். இடது எஞ்சின் ஓடும். வலது எஞ்சினைப் பற்றிக் கேட்டால், "அது லீவுல இருக்கு" என்பார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை படகு, அப்பா அதைக் கொண்டுவந்து கட்டியிருந்த ஊர்த் துறையைவிட்டுக் கிளம்பி, அலை தடுக்கும் கல்சுவர் வரை போய்த் திரும்பும். கரையில் நடக்கிற ஆள் கொஞ்சம் வேகமாக நடந்தால் முந்திவிடலாம்.

"ஏம்ப்பா இவ்வளவு மெதுவா போகுது?" என்று மகள் சின்ன வயதில் கேட்டாள்.

"வேகமா போகணும்னா பஸ்ல போலாமேம்மா. இது எதுக்கு?"

லிஃப்ட் ஓடும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. நின்றால்தான் கவனிப்பார்கள், திட்டவும் செய்வார்கள். படகு கட்டிப்போட்ட இடத்திலேயே நின்றது. அப்படியும் துறையில் நடந்து போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பித்தளையில் வெயில் படும். அப்பா அப்போது வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். அந்த முதுகு சிரித்துக்கொண்டிருந்ததை மகள் பார்த்திருக்கிறாள்.

பக்கத்துப் படகு ஃபைபரில் செய்தது. அதன் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அப்பாவை "அட்மிரல்" என்று கூப்பிடுவார். அப்பா அவரை "பிளாஸ்டிக்" என்று கூப்பிடுவார்.

"என்ன அட்மிரல், படை கிளம்பலையா?"

"உன் சோப்பு டப்பாவ ஓரமா தள்ளு பிளாஸ்டிக், கிளம்பறேன்."

இருவருக்குமிடையே நட்பு என்று எதுவும் இருந்ததாக இருவருமே ஒப்புக்கொண்டதில்லை.

வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, வந்த பின் ஒரு முறை, அப்பா கயிறு கட்டிய வாளியால் கடல் தண்ணீரை மொண்டு தளத்தின் மீது வீசி ஊற்றுவார். பலகைகள் கறுத்து, மெதுவாக வெளுக்கும். ஆனால் மழை வந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் மூடுவார். தானே தண்ணீர் ஊற்றுகிறவர் மழைக்கு ஏன் பயப்படுகிறார் என்று மகள் கேட்டபோது, "மழைத் தண்ணி வேற, கடல் தண்ணி வேற" என்றார். அப்பா பேசுகிற விதம் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு, அவள் இன்ஜினியரிங் படிக்கப் போய்விட்டாள்.

படித்து முடித்து மருந்துக் கிடங்குகளை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தாள். காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பது அவள் பிரிவு. ஈரம் மாத்திரையைக் கெடுக்கும், அட்டையை ஊதவைக்கும், பூஞ்சையைக் கூப்பிடும். அவள் கட்டிய கிடங்குகளில் இது எதுவும் நடந்ததில்லை. வேலையில் அவளுக்கு நல்ல பெயர்.

அப்பா ஒரு கட்டிடத்தின் பத்தாவது மாடியில், மெஷின் ரூமில், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஸ்பேனரை ஒழுங்காகத் துடைத்து வைத்திருந்தார் என்று கூட வேலை செய்தவர் இரண்டு தடவை சொன்னார். லிஃப்ட் நின்றிருந்ததால் அவரைப் படி வழியாக இறக்கினார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு அம்மா, "சக்களத்திய என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள்.

"நீ சொல்லு."

"வித்துடு. பாத்துக்கறதுக்கு யார் இருக்கா?"

மகளும் சரி என்றாள். அவள் மனதில் இருந்த கணக்கு ஒன்றே ஒன்று. அப்பா விட்டுப்போன நிலையிலிருந்து இம்மியும் குறையாமல் படகை இன்னொரு கையில் ஒப்படைக்க வேண்டும். மற்ற எதையும் அவளால் செய்ய முடியவில்லை. அப்பாவின் சட்டைகளை எடுத்து வைக்கக்கூட முடியவில்லை. இதைச் செய்ய முடியும் என்று தோன்றியது.

உடனே செய்தாள். கிரேன் வரவழைத்துப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, துறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மரக்கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தினாள். ஜன்னல்களை மூடினாள். உள்ளே ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இரண்டை வைத்தாள். கம்பெனியின் நல்ல இயந்திரங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பார்ப்பாள், இயந்திரத்தின் தொட்டி நிறைந்திருக்கும். தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வருவாள். தொட்டி நிறைய நிறைய அவளுக்கு நிம்மதி.

"எவ்வளவு ஈரம் வெச்சிருந்திருக்கார் பாரும்மா" என்று வீட்டில் சொன்னாள்.

"அவர் எதைத்தான் சரியா வெச்சிருந்தார்" என்றாள் அம்மா.

பிளாஸ்டிக் அந்த மாதங்களில் வெளியூரில் மகன் வீட்டில் இருந்தார். இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். நாலு மணி நேரத் தூரத்தில் வேறு ஊர். கொட்டகையில் படகைச் சுற்றி வந்து, வார்னிஷில் தன் முகத்தைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "அழகா இருக்கு. ஆனா தண்ணியில மெதக்கறத என் கண்ணால பாத்துட்டுதான் வாங்குவேன்" என்றார். நியாயமான பேச்சு.

குறித்த நாளில் கிரேன் வந்தது. ஊரிலிருந்து திரும்பியிருந்த பிளாஸ்டிக்கும் தன் படகிலிருந்து எட்டிப் பார்த்தார். படகு கிரேனின் பட்டைகளில் தொங்கியபடி தண்ணீரைத் தொட்டது. மகள் உள்ளே எஞ்சின் அருகில் நின்றிருந்தாள். காய்ந்த மரத்தின் வாசனை. கிடங்கு மாதிரி சுத்தமாக இருந்தது.

அப்போது சத்தம் கேட்டது. வீட்டில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் கொஞ்சமாகத் திறந்துவிட்டதுபோல.

தண்ணீர் ஓர் ஓட்டை வழியாக வரவில்லை. படகின் நீளம் முழுக்க, பலகைக்கும் பலகைக்கும் நடுவே, வரிசை வரிசையாக வந்தது. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் பருக்கும், இழந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் இறுகிப்போன எத்தனையோ கிடங்குக் கதவுகளை அவளே இழைக்கச் சொல்லியிருக்கிறாள். இந்தப் படகை ஒட்டி வைத்திருந்தது ஆணியோ பசையோ அல்ல. தண்ணீரில் ஊறிப் பருத்த பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றதுதான் படகு. அடிப்பகுதியைக் கடலே நனைத்துக்கொண்டது. கடல் எட்டாத தளத்தை அப்பா நனைத்தார். அதற்குத்தான் வாளி. சனிக்கிழமைதோறும் அவள் சாக்கடையில் கொட்டியது அந்தத் தண்ணீரை.

அப்பா போனது அவள் தவறல்ல. இது அவள் தவறு.

"நிறுத்துங்க! இதுக்கு மேல இறக்காதீங்க!" என்று கத்தினாள்.

கிரேன் நின்றது. படகு பாதி தண்ணீரிலும் பாதி பட்டையிலுமாகத் தொங்கியது.

"மேல தூக்கச் சொல்லுங்கம்மா, மூழ்கிடும்" என்றார் பல் டாக்டர் கரையிலிருந்து.

தூக்கினால் படகு இன்னும் காயும். அடுத்த முறை இன்னும் அதிகமாக ஒழுகும். அப்புறம் ஹோட்டல்காரர்கள் செய்ய நினைத்ததைத்தான் செய்ய வேண்டியிருக்கும். தண்ணீரிலேயே விட்டால், மரம் குடித்து முடிக்கும்வரை, உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இது அவளுக்குத் தெரிந்த வகைக் கணக்கு.

"தூக்க வேண்டாம். இப்படியே தொங்கட்டும். அங்கிள், உங்ககிட்ட பம்ப் இருக்கா?"

"சோப்பு டப்பால பம்ப் இல்லாம இருக்குமா?" என்று பிளாஸ்டிக் ஏற்கெனவே கழற்றிக்கொண்டிருந்தார். "உங்கப்பன் இருந்தா இந்நேரம் என்னைத்தான் திட்டிட்டு இருப்பான். தண்ணி வந்தா என் பார்வை பட்டுடுச்சும்பான்."

அவருடைய பம்ப், கிரேன்காரர் கொண்டுவந்த பம்ப், படகில் இருந்த பழைய பம்ப். மூன்றும் ஓடின. குழாயின் வெளிமுனை துள்ளிக்கொண்டே இருந்ததால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பல் டாக்டர் பிடித்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை. கிளம்பிப் போய்விடுவார் என்று மகள் நினைத்தாள். அவர், "இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்து… இல்ல, வால்வைத் திறந்து வைங்க" என்றார்.

மதியம் அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். மகள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தாள்.

"அவருக்கு மேல வந்து வாய்ச்சிருக்க" என்றாள் அம்மா.

"அம்மா, மேல தளமும் காய்ஞ்சு கெடக்கு. ஏறி நின்னு தண்ணி ஊத்தணும். எனக்கு ஆள் இல்ல."

"நானா? அதுலயா?"

"வாளி சுக்கான் ரூம்ல இருக்கு."

அம்மா படகைப் பார்த்தாள். இருபது வருடப் பகை, சும்மா ஒன்றுமில்லை. பிறகு செருப்பைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்தாள். தளத்தில் செருப்போடு ஏறக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். அதன் பிறகு மாலைவரை உள்ளே இருந்த மகளுக்குத் தலைக்கு மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு வாளி, கொஞ்சம் முணுமுணுப்பு, அடுத்த வாளி.

அடுத்த நாள் ஒரு பம்பை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் இன்னொன்றை. அந்த வாரம் முடியும்போது பட்டைகளைக் கழற்றி, கிரேன் போய்விட்டது. படகு தானாக நின்றது. பழைய பம்ப் மட்டும் எப்போதாவது ஒரு முறை இருமியது. அப்பா காலத்திலும் அது இருமும்.

பல் டாக்டர் திரும்பி வந்தார். தளத்தைக் குனிந்து தட்டிப் பார்த்தார். "பல்லும் இதேதான். உயிர் போனா உள்ள காய்ஞ்சிடும். அப்புறம் வெடிக்கும்" என்றார். "நான் எடுத்துக்கறேன்."

மகள் அவருக்கு எல்லாம் சொன்னாள். மழைத் தண்ணீர் மரத்தை மக்கவைக்கும், உப்புத் தண்ணீர் மக்கவிடாது; அதனால் மழைக்குத் தார்ப்பாய். காலையும் மாலையும் கடல் தண்ணீர். வலது எஞ்சின் லீவில் இருப்பது.

"படகு இங்கயே இருக்கட்டும், சனி ஞாயிறு நான் வந்துடுவேன்" என்றார் அவர். "மத்த நாள்ல யார் ஊத்தறது? அதான் ஒரே யோசனையா இருக்கு."

பிளாஸ்டிக் தொண்டையைக் கனைத்தார். தனக்கு இடுப்பு வலி என்று சொல்லத்தான். அதற்குள் அம்மா, "நான் வீட்லதானே சும்மா இருக்கேன்" என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

அன்று மாலை மகளும் கூடப் போனாள். அம்மா செருப்பை விட்டு ஏறினாள். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு மொண்டாள். வீசி ஊற்றினாள். பலகைகள் கறுத்தன. மறுபடி மொண்டாள்.

"போதும்மா. அளவா ஊத்து."

"அளவு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா அவர் பேண்ட்டத் துவைச்சவ நான். நல்லா ஊத்தியிருந்தா முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கும். சோம்பேறித்தனம் பண்ணியிருந்தா கணுக்காலோட நிக்கும்."

குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் நனைந்திருந்தது. வாளியை மறுபடியும் கடலில் போட்டாள்.