காயாத டைல்ஸ்

முதியோர் குடியிருப்பில் மேனேஜராக இருப்பவனுக்கு முதலில் கெட்டுப்போவது காது. யார் எதைச் சொன்னாலும் அதற்குள் இன்னொரு பேச்சு கேட்கும். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலாளி படுத்த அறை

எங்கள் குடியிருப்பு ஒரு காலத்தில் விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை முதலாளியின் பங்களா. அவர் படுத்த அறையைத்தான் கருவேப்பிலங்குறிச்சி தையல்நாயகி அம்மாளுக்குக் கொடுத்தோம். அம்மாளின் கணவர் அதே ஆலையில் சூளை வேலை பார்த்தவர். நல்லூரில் உரக்கடை வைத்திருக்கும் மகன் கொண்டுவந்து விட்டார். வீட்டில் டைல்ஸ் போடுகிறார்களாம், தூசு அம்மாவுக்கு ஆகாதாம், முடிந்ததும் அழைத்துப்போவாராம். அம்மாள் உயரமான கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இவ்ளோ பெரிய ரூமு எதுக்கு தம்பி? ரொம்ப நாளைக்கா?"

பிரிக்காத பை

அம்மாள் துணிகளை பீரோவில் வைக்கவில்லை. துவைத்த புடவையும் பைக்குள்ளேயே போகும். மகன் எந்த நேரத்திலும் வந்துவிடுவானாம். நானோ அந்த மகனை நம்பவேயில்லை. வீட்டில் வேலை நடக்கிறது என்று விட்டுப்போன எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. பக்கத்து அறை ரிட்டையர்டு டீச்சர் பையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கும் டைல்ஸுன்னுதான் சொன்னாங்கக்கா. இன்னும் காயல போல."

சன்னல்

மனசு கேட்கவில்லை. ஒருநாள் பைக்கை எடுத்துக்கொண்டு தையல்நாயகி அம்மாளின் வீட்டுக்கே போனேன். பூட்டியிருந்தது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கூடம் முழுக்க டைல்ஸ் பளபளத்தது. வேலை முடிந்திருக்கிறது, ஆள் மட்டும் வரவில்லை. நான் நினைத்தது சரி என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எதற்கு என்றுதான் புரியவில்லை. எதிர்வீட்டு அம்மா முறத்தோடு வந்து நின்றார்.

"ஆளில்லாத வூட்டுல என்ன பாக்குறீங்க? நீங்க திருடனா, பேங்க்காரரா?"

வாசல்

அடுத்த வாரம் மகன் வந்தார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்பார், நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவரோ பாத்ரூமில் முதலில் போட்ட டைல்ஸ் வழுக்கியதாகவும், அம்மா விழுந்துவிடக் கூடாதென்று அதைப் பேர்த்துவிட்டு வேறு போட்டதாகவும், அதனால்தான் தாமதம் என்றும் சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டார். கார் ஏறப்போன அம்மாளிடம் பழக்கதோஷத்தில் "போயிட்டு வாங்கம்மா" என்றேன். அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வான்னு சொல்லாதீங்க தம்பி. நான் போறேன்."

என் சந்தேகம் பொய்யானதில் வந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று கேட்டால், நான் சொல்லும் பதிலை நானே நம்ப மாட்டேன்.