பேரென்ன சிஸ்டர்

வாளியின் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது. உள்ளே ஒரு ஜோடி ரப்பர் கையுறை, ஒரு சின்ன டப்பா களிம்பு.

முதியோர் இல்லத்தில் அவள் துடைப்பு வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. இல்லத்தில் கொடுத்த கையுறைகள் எல்லாம் ஆம்பளைக் கைக்கு அளவானவை. அவள் போட்டால் விரல் நுனி தொளதொளவென்று தொங்கும். பிளீச்சிங் தண்ணீர் உள்ளே புகுந்து நாள் முழுக்க ஊறும். விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போய், உப்பு பட்டால் உயிர் போகும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பையைப் பார்த்ததும், ஆபீஸ்காரர்களே அளவு பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, கடவுளுக்கு ஒரு கும்பிடு, மேனேஜருக்கு ஒரு கும்பிடு போட்டாள். அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒரு தடவை புது ஜோடி தொங்கும்.

ஒருநாள் சீக்கிரமே வந்தவள், வாளிப் பக்கம் குனிந்திருந்த ஆளைப் பார்த்துவிட்டாள். பெண்கள் இருக்கும் மாடியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல விழித்தார்.

"கடையில அளவு மாத்திக் குடுத்துட்டான். உனக்கு ஆகுமான்னு பாத்தேன்."

"மூணு மாசமாவா சிஸ்டர் மாத்தி மாத்திக் குடுக்கறான்?"

"அவன் கொஞ்சம் மறதிக்காரன்" என்று சொல்லிவிட்டு, விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டார்.

அந்த நர்ஸுக்கு இல்லத்தில் வேறு பட்டப்பெயர் உண்டு. 'பேரென்ன சிஸ்டர்.' மாடியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறார். ஒவ்வொரு கட்டிலும் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க பேரென்ன?" என்று கேட்காமல் கொடுக்க மாட்டார்.

"பதினோரு வருஷமா கேக்கற. இன்னுமாடி என் பேரு உன் மண்டையில ஏறலை?" என்று ஒரு அம்மாள் சலித்துக்கொள்வார்.

"எனக்கு ஏறிடுச்சு பெரியம்மா. உங்களுக்கு இறங்கிடுச்சான்னு பாக்கறேன்."

மாடியே சிரிக்கும். ஆனால் அவர் அதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த இல்லத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர்களைப் பேர் சொல்லலாமா என்ற மரியாதை. அதனால் மாடியில் மட்டும் நாலு பெரியம்மா, மூணு அத்தை, ரெண்டு டீச்சரம்மா இருந்தார்கள். "உறவுமுறையைப் பாத்து மாத்திரை வேலை செய்யாது தங்கச்சி" என்பார் அவளிடம்.

கை கழுவுவதும் அப்படித்தான். ஒரு கட்டிலை விட்டு அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் கழுவியாக வேண்டும். அவசர அவசரமாக அவள் கையை நனைத்துக்கொண்டு ஓடியதை ஒருநாள் பார்த்துவிட்டார்.

"அழுக்குக்குத் தண்ணி காட்டினியா, கழுவினியா?"

"கழுவிட்டேன் சிஸ்டர்."

"நீ சாமி கும்பிடுறவதானே? மனசுக்குள்ள என்ன சொல்லுவே?"

அவள் கூச்சத்தோடு சொன்னாள்: "கடவுளே, என் கையால யாருக்கும் ஒரு கெடுதலும் வரக் கூடாது. வந்தா அதை எனக்கு முதல்ல காட்டிக் குடுத்துடு."

நர்ஸ் சோப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு, "இதையே சோப்பு போட்டு நிதானமா ரெண்டு தடவை சொல்லு. கழுவற கணக்கு சரியா இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குக் குழாயடியும் ஒரு கோயிலாகிவிட்டது.

மழை விட்டு வெயில் வந்த ஒரு மாதத்தில் இல்லத்துக்குள் வயிற்றுப்போக்கு புகுந்தது. கீழே ஆண்கள் கூடத்தில் ஒருவருக்குத் தொடங்கி மூவருக்கு ஆனது. அவர்களைப் பின்கட்டு அறையில் தனியாக வைத்தார்கள். கீழே பார்த்துக்கொண்டிருந்த நர்ஸும் படுத்துவிட்டாள். துணி வேறு, தட்டு வேறு, துடைப்பம் வேறு என்று மேட்ரன் அம்மா கட்டளை போட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "என்னைக் கேக்காம ஒரு கட்டிலோ ஆளோ இடம் மாறக் கூடாது. மாத்தினவங்க அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்." அவர் சும்மா சொல்லுகிறவர் இல்லை. அவளுக்கு முன்னால் அந்த வாளியைத் தூக்கியவள் அப்படித்தான் வீட்டுக்குப் போனாள்.

அவள் வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

அப்படியிருந்தும் அவள் மாற்றினாள். ஆண்கள் கூடத்தில் இரண்டு வாத்தியார்கள் இருந்தார்கள். ஜன்னல் ஓரம் டிரில் வாத்தியார். சுகர்காரர், அடிக்கடி எழுந்து கதவுக்கு வெளியே இருக்கும் கழிப்பறைக்கு ஓடுவார். கதவு ஓரம் கணக்கு வாத்தியார். பேப்பர் படிக்க வெளிச்சம் போதவில்லை என்று புலம்புவார். தரையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவிக் கட்டில்களைத் திருப்பிப் போட்ட மத்தியானம், இருவரும் இடம் மாற்றச் சொல்லி ஒரே குரலில் கேட்டார்கள்.

"நான் அங்க, அவர் இங்க. ரெண்டு பேருக்கும் லாபம். கணக்கு சரிதானே?" என்றார் கணக்கு வாத்தியார்.

சொல்ல வேண்டிய இடத்தில் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, தலையணைகளை மாற்றிப் போட்டாள். வேலை மும்முரத்தில் மறந்தே போனாள்.

மறுநாள் காலை, கீழே மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பேரென்ன சிஸ்டர். மாடி முடித்துவிட்டு, பழக்கமில்லாத கூடத்துக்கு முதல் தடவையாக வருகிறார். அங்கே ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. தூக்கமில்லாமல் அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முதல் கட்டிலில் இருந்தவர், ஓய்வு பெற்ற எஞ்சினியர்.

"உங்க பேரென்ன ஐயா?"

"எதுக்கு? போலீஸ் ஸ்டேஷனா இது? ஊரே என்னை எஞ்சினியர்னு கூப்பிடுது, நீ யாரு என் பேரைக் கேக்க?" தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் குனிந்து டம்ளரை எடுத்தார். எப்படியோ அவரிடம் பேரை வாங்கி, மாத்திரையைக் கொடுத்து, கை கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். மருந்துச் சீட்டில் பேருக்கு மேலே பெரிதாக 'ஜன்னல் கட்டில், வாத்தியார்' என்று எழுதியிருந்தது.

பதினோரு வருஷத்தில் ஒரு தடவை, அவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"வாத்தியார்தானே நீங்க?"

"நாப்பது வருஷ வாத்தியார்!" பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார் அவர்.

"சுகர் மாத்திரை இது. முழுங்கிடுங்க."

அவள் அப்போது கதவோரக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முதல் தடவை முடிந்து இரண்டாவது தடவையில், 'வந்தா அதை எனக்கு முதல்ல' என்ற இடத்தில் இருந்தாள். 'சுகர் மாத்திரை' என்ற சொல் காதில் விழுந்தது. டீயில் ரெண்டு கரண்டி சர்க்கரை கேட்டு வாங்கிக் குடிக்கும் கணக்கு வாத்தியாருக்கா? அவருக்கு ஏது சுகர்? காலையில் கஞ்சியைக்கூட அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தார். அவள் திரும்புவதற்குள் மாத்திரை உள்ளே போய்விட்டது.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வேலை போய்விடும் என்றது மனசு. ஒரு மாத்திரைதானே, ஒன்றும் ஆகாது என்றது. அஞ்சாம் கிளாஸ் படித்த உனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்றது. கேட்ட வேண்டுதலுக்குக் கடவுள் பதில் சொல்லிவிட்டார், இனி என்ன யோசனை என்று கடைசியாகத் தோன்றியதும், கையைத் துடைக்கக்கூட நிற்காமல் ஓடினாள்.

"சிஸ்டர், அவர் அந்த வாத்தியார் இல்லை. நேத்து நான்தான் ரெண்டு பேரையும் இடம் மாத்தினேன்."

நர்ஸின் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். பேப்பரை வாத்தியார் கையிலிருந்து வாங்கினார்.

"ஐயா, உங்க பேரென்ன?"

அவர் சொன்னார். சீட்டில் இருந்த பேர் அது இல்லை.

"உங்களுக்குத் தப்பான மாத்திரை குடுத்துட்டேன். என் தப்பு. சரி பண்ணிடலாம், பக்கத்துலயே இருக்கேன்" என்று அவரிடமே நேராகச் சொன்னார். சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்தார். டாக்டருக்குப் போன் போட்டார். விரலில் குத்திக் குத்திப் பார்த்தார். பதினோரு மணிக்கு வாத்தியாருக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. டாக்டர் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். "விஷயம் தெரியாம இருந்தா, மயங்கினவரைத் தூங்கறார்னு நினைச்சிருப்பீங்க" என்றார். மறுநாள் மதியம் வரை ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதன் பிறகுதான் கணக்கு வாத்தியார் ரெண்டு கரண்டி சர்க்கரையோடு டீ கேட்டார்.

ஆபீஸ் அறையில் மேட்ரன் கேட்ட முதல் கேள்வி: "கட்டிலை மாத்தினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றாள் அவள்.

"மாத்திரையை முழுங்கினது கட்டில் இல்லை மேடம், ஆளு" என்றார் நர்ஸ். "ஆளைக் கேக்க வேண்டியது நான். கேக்கலை. என் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். இவ வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இவளை அனுப்பினா, நாளைக்குத் தப்பு நடந்தா உங்ககிட்ட யாரு வந்து சொல்லுவாங்க?"

மேட்ரன் பேனாவை மூடி வைத்தார். அவளுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. நர்ஸை மாசக் கடைசியில் நிர்வாகத்தின் இன்னொரு இல்லத்துக்கு, ரெண்டு பஸ் மாறிப் போகும் இடத்துக்கு மாற்றினார்கள்.

அவர் போவதற்குள் கூடத்தில் ஒரு மாற்றம் வந்தது. எல்லார் மணிக்கட்டிலும் பேர் எழுதிய பட்டை. எழுதியது கணக்கு வாத்தியார், முத்து முத்தான கையெழுத்து. டிரில் வாத்தியார் மருந்து வேளைக்கு விசில் ஊதினார். பேரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்லட்டுமே என்று அவர் யோசனை சொன்னபோது, கணக்கு வாத்தியார் சீறினார்: "நாப்பது வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்தவன் நான். எவன் பேருக்கு வேணா எவனும் உள்ளேன்னுடுவான். அவனவன் வாயால அவனவன் பேரைச் சொல்லணும்!" எஞ்சினியர்கூட முனகிக்கொண்டே சொன்னார், இனிஷியலோடு.

கடைசி நாள் சாயங்காலம் அவள் பஸ் நிறுத்தம் வரை நர்ஸின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அழுதாள்.

"என்னால உங்களுக்கு இப்படி ஆயிடுச்சே சிஸ்டர். இனிமே நான் எதையும் பாக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன்."

பஸ் வந்து நின்றது. நர்ஸ் ஒரு கால் படியில் வைத்தபடி திரும்பினார்.

"பைத்தியமாட்டம் பேசாதே. எனக்கு அப்புறம் வர்றவளும் மனுஷிதான், அவளும் தப்பு பண்ணுவா. பயமா இருந்தா குழாயடிக்குப் போ, ரெண்டு தடவை சொல்லிக் கையைக் கழுவு. அப்புறம் ஈரக்கையோடயே போய்ச் சொல்லிடு."